நூற்றெட்டாம் நம்பர் சர்வர்

வீட்டு சர்வருக்கு ஐபி அட்ரஸ் எப்படித் தேர்ந்தெடுப்பது என்று தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்கள் என்னிடம் கேட்கிறார்கள். நான் ஏகாம்பரம் வீட்டு நிச்சயதார்த்தத்தைச் சொல்வேன்.

ஏகாம்பரம் வளைகுடாவில் கிரேன் ஓட்டுகிறவர். வீடு உத்திரமேரூரைத் தாண்டி ஒரு கிராமத்தில். ஒரே மகள் கயல்விழிக்கு நிச்சயம் வைத்தபோது லீவு கிடைக்கவில்லை. அவர் இருக்கும் ஊரில் வாட்ஸ்அப் வீடியோ காலும் எடுக்காது. அதனால் கூடத்தில் ஒரு கேமரா, அதன் படத்தை அனுப்ப ஒரு சின்ன சர்வர், மகள் பெயரில் ஒரு டொமைன். அந்தப் பெயரைப் போனில் அடித்தால் அவருக்குக் கூடம் தெரிய வேண்டும்.

பெயர் சுலபமாக முடிந்தது. ஐபி அட்ரஸின் கடைசி நம்பரில்தான் பேஜார். எங்கள் பக்கம் வண்டி நம்பரானாலும் செல் நம்பரானாலும் கூட்டிப் பார்க்காமல் வாங்க மாட்டார்கள்.

"கடைசியில பத்துன்னு வைக்கிறேன்ப்பா," என்றேன் போனில்.

"இன்னாண்ணா பத்து? நூத்தியெட்டு வைண்ணா. கோயில்ல நூத்தியெட்டு சுத்து சுத்துறோம் இல்ல? நான்தான் அங்க இல்ல, நம்பராவது நல்லதா இருக்கட்டும்."

வீட்டு வைஃபையில் சேரும் போன்களுக்கு ரவுட்டர் நூறிலிருந்து வரிசையாக நம்பர் கொடுக்கும். சர்வர் நம்பர் அந்த வரிசைக்கு வெளியே இருப்பதுதான் முறை. ஆனால் அந்த மனுஷன் குரலைக் கேட்ட பிறகு எப்படி மறுப்பது? சர்வருக்கு நூற்றெட்டைப் போட்டு, அதை வேறு யாருக்கும் கொடுக்காதே என்று ரவுட்டரிலும் செட் செய்தேன். நன்றாகவே ஓடியது.

நிச்சயத்துக்கு முந்தின நாள் கயலின் தாய்மாமன் தணிகாசலம், ஜனம் நிறைய வருமே என்று நல்ல மனசோடு ஒரு புது ரவுட்டர் வாங்கி மாட்டிவிட்டார். வைஃபை பெயர், பாஸ்வேர்டு எல்லாம் பழையதே. நூற்றெட்டை யாருக்கும் கொடுக்காதே என்று நான் செட் செய்தது மட்டும் பழைய ரவுட்டரோடு போயிற்று. அன்று சாயங்காலம் ஏகாம்பரம் பார்த்தார், கூடம் தெரிந்தது. யாருக்குச் சந்தேகம் வரும்?

மறுநாள் எனக்கும் அழைப்பு. போய் உட்கார்ந்து காபியை வாயில் வைக்கவில்லை, தணிகாசலம் ஓடி வந்தார்.

"சாரே, மச்சானுக்கு ஒண்ணும் தெரியலையாம்! இன்னான்னு பாரு சாரே!"

"ஐயரைக் கொஞ்சம் நிறுத்தச் சொல்லுங்க."

"எமகண்டம் வந்துடும் சாரே, அவரு எங்க நிப்பாரு!"

சர்வர் ஓடிக்கொண்டிருந்தது. கேபிள் சரி, கேமரா சரி. ரவுட்டருக்குப் பின்னால் ஒட்டியிருந்த அட்மின் பாஸ்வேர்டைப் போட்டு, என் போனிலேயே ரவுட்டர் செட்டிங்குக்குள் போய்ப் பார்த்தேன். நூற்றெட்டை ஏதோ ஒரு போனுக்கும் கொடுத்திருந்தது; ஒரே நம்பரில் இரண்டு இருந்தால் சர்வருக்குப் போக வேண்டியது வழி தவறிவிடும். எந்தப் பாவி போன் என்று பார்த்தால், என்னுடையது. பழைய பாஸ்வேர்டு அதில் இருந்ததால் வாசலிலேயே தானாகச் சேர்ந்துகொண்டிருக்கிறது. எனக்கு முன்னால் எட்டுப் போன் வந்திருக்கிறது, அவ்வளவுதான்.

என் போனில் வைஃபையை அணைத்தேன். படம் வந்தது. அதற்குள் தட்டு மாற்றி, அட்சதையும் போட்டு முடித்து, ஜனம் பந்திக்கு எழுந்துகொண்டிருந்தது.

சாயங்காலம் ஏகாம்பரத்தைக் கூப்பிட்டேன். கேமரா கார்டில் எல்லாம் பதிவாகியிருக்கிறது, அனுப்புகிறேன் என்றேன். எனக்கே அது சப்பென்று இருந்தது.

"அனுப்புண்ணா, பாக்கறேன். ரூம்ல எல்லாரும் குளிச்சிட்டு வேட்டி கட்டிக்கினு நின்னோம். அரிசில மஞ்சள் கலந்து கையில வச்சிக்கினு இருந்தேன், அவ குனியிறப்ப போன் மேலயே போடலாம்னு. ரெக்கார்டிங்குக்கு அட்சதை போட முடியாது இல்லண்ணா? அதான்."

இன்றைக்கும் எனக்கு அது ஆறவில்லை. ராசி பார்க்க வேண்டுமென்றால் டொமைன் பெயரில் பாருங்கள், எத்தனை அழகாக வேண்டுமானாலும் வைக்கலாம். நம்பர், ரவுட்டர் பங்கு வைக்கும் வரிசைக்கு வெளியேதான். யார் கெஞ்சினாலும் நான் பத்துதான் போடுகிறேன்.

விசேஷ வீடு எதுவானாலும், வாசலில் போனின் வைஃபையை அணைத்துவிட்டுத்தான் செருப்பைக் கழற்றுகிறேன்.