இரண்டாம் கியரில் நிற்காத வேன்

போன வருடம், பதினோராம் வகுப்புப் பிள்ளைகள் எழுதும் சாதாரண தரப் பரீட்சை தொடங்க ஆறு நாட்கள் இருக்கும்போது நடந்தது. மஸ்கெலியாவுக்கு மேலே இருக்கும் எங்கள் தோட்டத்திலிருந்து டவுன் பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளைகளை ஏற்றிப் போகும் வேன் என்னுடையது. அந்த முறை ஏழு பெண் பிள்ளைகள் பரீட்சை எழுத இருந்தார்கள். எங்கள் பக்கம் காலையில் பஸ் கிடையாது. என் வேன் போகாவிட்டால் நடந்துதான் போக வேண்டும். நடந்து போய்ச் சேரும்போது பாதிப் பரீட்சை முடிந்திருக்கும்.

அன்று பின்னேரம் பிள்ளைகளைக் கூட்டிவர, வெறும் வேனோடு இறக்கத்தில் போய்க்கொண்டிருந்தேன். இரண்டாம் கியர். எதிரே வந்த ஒருவருக்குப் பெரிய மனுசன் மாதிரி இடது கையைத் தூக்கி வணக்கம் வைத்தேன். 'டக்' என்று கியர் கழன்று நியூட்ரலுக்கு வந்துவிட்டது. எஞ்சினின் பிடி போனதும் வேன் என்னைக் கேட்காமலே ஓட ஆரம்பித்தது. பிரேக்கில் ஏறி நின்றேன். வளைவில் உள்ள கல்லுக்கு ஒரு சாண் தள்ளி நின்றது.

தேயிலைக்குள் மருந்தடித்துக்கொண்டிருந்தவர் தலையைத் தூக்கி, "என்னாண்ணே, இங்க நிப்பாட்டிட்டீங்க?" என்றார்.

"சும்மா, வியூ பாக்க" என்றேன். முன்னால் ஒரே பனிமூட்டம்.

உண்மையைச் சொல்ல வேண்டும். இரண்டு வாரமாகவே கியர் அப்படித்தான் கழன்றுகொண்டிருந்தது. இறக்கத்தில் லீவரைக் கையால் அழுத்திப் பிடித்தபடி, பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு ஓட்டியிருக்கிறேன். அன்று கையை எடுத்த பிறகுதான் பயம் வந்தது.

மெக்கானிக்குகளிடம் ஓடினேன். முதல் ஆள் வேனுக்கு அடியில் படுத்து, கியர் ஒயில் கெட்டுவிட்டது என்றார். மாற்றினோம். கழன்றது. அடுத்தவர், எஞ்சின் மவுண்டிங் ரப்பர் செத்துப்போய் எஞ்சின் ஆடுகிறது, அந்த ஆட்டத்தில்தான் கியர் கழல்கிறது என்றார். மாற்றினோம். கழன்றது. மூன்றாமவர் போனிலேயே சத்தத்தைக் கேட்டுவிட்டு, கியர் பொக்ஸுக்குள்ளே எல்லாம் தேய்ந்துவிட்டது, வேறு ஒன்று வாங்கி வந்தால் ஐந்து நாளில் போட்டுத் தருகிறேன் என்றார். மூன்று பேரும் சொன்னது எனக்குச் சரியாகவே பட்டது. அதுதான் பிரச்சினை. யார் எதைச் சொன்னாலும் தெரிந்தவன் மாதிரி தலையாட்டுவேன். வீட்டுக்கு வந்தால் ஒன்றும் விளங்காது.

வெள்ளிக்கிழமை, பரீட்சை எழுதும் ஒரு பிள்ளையின் அம்மா, கொழுந்துக் கூடையோடு என்னை வழிமறித்தார்.

"அண்ணே, திங்கக்கெழம வேன் வருந்தானே?"

"வராம?"

"கியர கையில புடிச்சுக்கிட்டே ஓட்டுறீங்களாமே. புள்ள சொல்லுச்சு."

"அது ஒரு ஸ்டைலும்மா."

"ஸ்டைல பொறகு பாத்துக்கலாம். எம்புள்ளைய பத்திரமா கொண்டு போவீங்களா, மாட்டீங்களா? அத சொல்லுங்க."

எல்லாவற்றுக்கும் ஒரு பகிடி வைத்திருக்கும் நான், "நாளைக்கே ஹட்டனுக்குப் போயி கியர் பொக்ஸ் வாங்கி, திங்கக்கெழமைக்குள்ள எப்பிடியாவது போட வைக்கிறேம்மா" என்றேன்.

சனிக்கிழமை ஊர்ந்து ஊர்ந்து ஹட்டனுக்குப் போய், பழைய உதிரிப்பாகக் கடை ஒன்றில் ஏறினேன். கடைக்கார நானாவை (முஸ்லிம் அண்ணன்மாரை எங்கள் பக்கம் அப்படித்தான் கூப்பிடுவோம்) அதற்கு முன் பார்த்ததில்லை. கியர் பொக்ஸ் வேண்டும் என்றேன். எடுத்துக் காட்டாமல் கேள்வி கேட்டார்.

"எந்தக் கியர் கழருது?"

"ரெண்டு. சில நேரம் நாலும்."

"ஒண்ணும் மூணும்?"

"அதுக கல்லு மாதிரி நிக்குது நானா."

"ரிவர்ஸ்?"

"மல்லுக்கட்டித்தான் போடணும்."

நானா எழுந்து வெளியே வந்தார். எஞ்சினை நிறுத்தச் சொன்னார். கிளச்சை மிதித்து மூன்றாம் கியரைப் போடச் சொன்னார். 'டக்' என்று முன்னால் போய் உட்கார்ந்தது. இரண்டாவதைப் போட்டேன். மெத்தையில் முட்டியது போல மெதுவாக நின்றது.

"ரெண்டு, நாலு, ரிவர்ஸ். மூணுமே பின்னுக்கு இழுத்துப் போடுற கியர். தேயிற பல்லு பக்கம் பாத்தா தேயும்? லீவர பின்னுக்குப் போக விடாம என்னமோ தடுக்குது. கியர் பாதிதான் வுழுது. லீவருக்கு அடியில இருக்கிற இந்த மூடிய கழட்டுங்க."

"ஐயோ, அத மட்டும் வேணாம் நானா. காத்து வரும். மெக்கானிக் பாஸ்மார்கிட்டயும் அததான் கையோட சொல்லி வச்சேன்."

நானா ஸ்க்ரூ டிரைவரை என் கையில் தந்தார்.

மூடியைத் திறந்ததும் எனக்கு எல்லாம் ஞாபகம் வந்தது. லீவரின் அடியில் இருந்த ரப்பர் உறை கிழிந்து, பொங்கல் கழிந்த குளிரில் முழங்காலுக்கு ஐஸ் மாதிரி காற்று அடித்துக்கொண்டிருந்தது. கொழுந்து எடுக்கையில் மழைக்குப் போர்த்தும் கம்பளியில் பழையது ஒன்று வீட்டில் கிடந்தது. அதில் ஒரு துண்டை வெட்டி, நாலாக மடித்து, லீவருக்குப் பின்னால் திணித்து, மேலே ரெக்சின் மூடி போட்டு நாலு ஸ்க்ரூ ஆணியும் முடுக்கியவன் நான்தான். அது ஈரம் குடித்து, தூசி சேர்ந்து, பலகை மாதிரி இறுகியிருந்தது.

"வேனுக்குக் குளிரும்னு போத்தி விட்டீங்களா தொரை?" என்றார் நானா. கடையில் இருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். இவ்வளவு காலம் ஊரைச் சிரிக்க வைத்தவன், அன்று பகிடி ஒன்றும் சொல்லாமலே சிரிப்புக் காட்டினேன்.

அவர் சிரித்துவிட்டு அதோடு விடவில்லை. நல்லதொரு ரப்பர் உறையைப் போட்டுத் தந்து, பக்கத்தில் ஏறி உட்கார்ந்து, ஒரு இறக்கத்துக்கு ஓட்டச் சொன்னார். "இப்ப கைய எடுங்க" என்றார். எடுக்க மனம் வரவில்லை. "எடுங்க தொரை, நானும் உள்ளதானே இருக்கேன்." எடுத்தேன். இரண்டாம் கியர் எஞ்சினை இழுத்துப் பிடித்தபடி, வளைவு முடியும்வரை நின்றது. இரண்டு வாரம் அழுத்திப் பிடித்ததில் உள்ளே ஏதும் தேய்ந்திருக்கலாம், பரீட்சை முடிந்ததும் ஒருமுறை திறந்து பார்த்துவிடுங்கள் என்றும் சொன்னார். எனக்குக் கியர் பொக்ஸ் அவர் விற்கவேயில்லை.

திங்கட்கிழமை காலையில் அந்த அம்மா பிள்ளையை ஏற்ற வந்தபோது, கம்பளிக் கதையை ஒன்றும் மறைக்காமல் சொன்னேன். இரண்டு வாரம் தெரிந்தே ஓட்டியதையும் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. வேனுக்குள் எட்டிப் பார்த்து, லீவரை ஒரு பார்வை பார்த்து, "ரெண்டு கையாலயும் ஸ்டியரிங்க புடிங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினார். ஏழு பேரையும் மணி அடிக்கும் முன்னே கொண்டுபோய் இறக்கினேன்.

இப்போதும் யாரிடமாவது "அதை மட்டும் திறக்காதீங்க" என்று சொல்ல வாய் வரும்போது, அந்த ஏழு பிள்ளைகள் என் பின்னால் உட்கார்ந்திருப்பது போலவே இருக்கும்; வாயை மூடிக்கொண்டு, நானே முதலில் திறந்து பார்த்துவிடுகிறேன்.