இரண்டு சென்டிமீட்டர் வெல்டிங்

ஒரு பழைய போர் டாங்கியின் இரும்புச் சக்கர விளிம்பில் இருந்த போல்ட் பதினாறா, இருபத்து நான்கா என்ற கேள்விக்காக நீங்கள் யாருடனாவது பேச்சை முறித்துக்கொள்வீர்களா? எனக்குத் தெரிந்த இருவர் முறித்துக்கொண்டார்கள். நான்கு வருடமாக எதிரே பார்த்தால் சாலையைக் கடந்துவிடுகிறார்கள். ஆனால் சந்தேகம் வந்தால் இருவரும் தனித்தனியே வந்து நிற்பது ஒரே மேசையின் முன்னால்தான். மேசைக்காரர் நிமிர்ந்துகூடப் பார்ப்பதில்லை. இடது கண்ணை மூடிக்கொண்டு, வலது கண்ணில் பொருத்திய பூதக்கண்ணாடி வழியே கடுகளவு பிளாஸ்டிக் துண்டைச் சுரண்டியபடியே கேட்பார்: "படம் இருக்கா?"

இருந்தால் பேச்சு தொடரும். இல்லாவிட்டால் அவ்வளவுதான்.

"எல்லாரும் சொல்றாங்க, புத்தகத்துல போட்டிருக்கு, பெட்டி மேல வரைஞ்சிருக்கு... இதெல்லாம் ஆதாரம் இல்லீங்க. பெட்டி மேல வரைஞ்சவரு டாங்க்கைப் பக்கத்துல பாத்திருக்கவே மாட்டாரு."

டாங்கி, விமானம் போன்றவற்றைச் சிறு மாதிரிகளாகச் செய்பவர்களின் சங்கத்தில் இந்த மேசைக்காரரை 'மில்லிமீட்டர் அக்கா' என்று அழைக்கிறார்கள். ஐம்பத்து நான்கு வயது. பல் மருத்துவர்கள் அனுப்பும் அச்சைப் பார்த்துச் செயற்கைப் பல் செய்வது தொழில். இருபத்தெட்டு வருட அனுபவம். "இந்த ஊர்ல பாதிப் பேரு என் வேலையக் காட்டித்தான் சிரிக்கிறாங்க" என்பார். மீதி நேரத்தில், இரண்டாம் உலகப் போரில் ஜெர்மன் படை ஓட்டிய டாங்கிகளை முப்பத்தைந்தில் ஒரு பங்கு அளவில் செய்கிறார். கடையில் வாங்கும் பெட்டியில் பாகங்கள் பிளாஸ்டிக் சட்டத்தில் ஒட்டிக்கொண்டு வரும். மற்றவர்களுக்கு அதை வெட்டி ஒட்டினால் டாங்கி. இவருக்கு அது வெறும் மூலப்பொருள்.

வேலை நடப்பது சமையலறைக்குப் பின்னால், துணி துவைக்கும் இயந்திரம் நிற்கும் சின்ன அறையில். இயந்திரம் பிழியத் தொடங்கினால் மேசை நடுங்கும். அதுவரை கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். சுவரில் கம்பி கட்டி நாற்பது ஐம்பது பிளாஸ்டிக் ஸ்பூன்களைத் தொங்கவிட்டிருக்கிறார். ஒவ்வொன்றின் முதுகிலும் ஒரு மஞ்சள் பெயின்ட், ஜெர்மன் டாங்கிகளுக்கு அடித்த நிறம். காய்ந்த மஞ்சள், அழுக்கு மஞ்சள், வெயிலில் வெளுத்த மஞ்சள். கீழே மாதமும் வருடமும். பெயின்ட் தட்டுப்பாடு முற்ற முற்ற அந்த மஞ்சள் எப்படி மாறியது என்பதை ஸ்பூன்களை வரிசையாகப் பார்த்தாலே படித்துவிடலாம்.

"அவசரத்துக்கு ஒன்ன எடுத்து டீயில சர்க்கரை கலக்கிட்டேங்க," என்றார் பேருந்து ஓட்டுநரான அவர் கணவர். "மூணு நாள் பேசல. எங்க வீட்டுல மட்டும் ரெண்டாம் உலகப் போர் இன்னும் முடியல."

"நாப்பத்தி நாலு ஆகஸ்டைக் கரைச்சுக் குடிச்சுட்டு ஜோக்கு வேறயா?" என்றார் அக்கா உள்ளிருந்து.

அவரைப் பற்றி எழுதத்தான் போனேன். ஆனால் மரியாதையோடு போகவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஊர் ஊராக மனிதர்களை நசுக்கிய வண்டி அது. அதற்கு ஒரு மனுஷி தன் கண்பார்வையைச் செலவழித்துப் பொட்டும் பூவும் வைப்பானேன்? இந்தப் பொழுதுபோக்கில் இருக்கும் பலருக்கு அந்தப் படையின் மீது ஒரு கள்ளக் காதல் உண்டு. தளபதிகளின் பெயரைத் தங்கள் பெரியப்பா பெயர் மாதிரி உரிமையோடு சொல்வார்கள். எத்தனை பேரைச் சுட்டார்கள் என்று கேட்டால் "நாங்க அரசியல் பேசறதில்ல" என்பார்கள். இதையெல்லாம் மனதில் வைத்துக்கொண்டு, "எதுக்குக்கா இந்தக் கொலைகார வண்டிக்கு இவ்வளவு அலங்காரம்?" என்று கேட்டேன்.

அவர் கோபப்படவில்லை. "திருடனைப் பாத்தவங்க சொல்லச் சொல்ல போலீஸ்ல படம் வரையறாங்களே தம்பி, அது அலங்காரமா?" என்றார். "மூக்கு கொஞ்சம் தப்பா வரைஞ்சாலும் வேற ஆளைப் புடிச்சுட்டு வந்துருவாங்க."

பிறகு அந்த டாங்கியை எடுத்து என் முன்னால் வைத்தார்.

பாந்தர் என்ற வகை. பீரங்கிக் குழலோடு சேர்த்து ஒரு சாணுக்குக் கொஞ்சம் அதிகம். காந்தக் கண்ணிவெடி ஒட்டாமல் இருக்க முதலில் ஜெர்மானியர்கள் டாங்கியின் மேல் வரிவரியாக ஒரு பசை பூசிவந்தார்கள். நாற்பத்து நான்கு செப்டம்பரில் அதை நிறுத்தினார்கள். இது அதற்குப் பின் வந்தது. எனவே உடம்பு நிர்வாணம். தகடும் தகடும் சேரும் வெல்டிங் எல்லாம் வெளியே தெரிகிறது. அந்தத் தழும்புகளை அவர் எப்படிச் செய்தார் தெரியுமா? பிளாஸ்டிக் சட்டத்தைச் சுடரில் காட்டி, இளகியதும் இழுத்து, தலைமுடி கனத்தில் நூலாக்கி, மூட்டில் படுக்கவைத்து, பல் மெழுகு செதுக்கும் கத்தியால் அலை அலையாக அழுத்தியிருக்கிறார். ஒரு அலைக்கு ஒரு அழுத்தம். மூச்சை விட்டபின், அடுத்த மூச்சை இழுக்கும் முன். பூதக்கண்ணாடியில் பார்த்தபோது உண்மையான இரும்பு உருகி உறைந்ததுபோல இருந்தது. மனிதக் கைக்கு இவ்வளவு முடியுமா?

"பின்பக்கம், இடது மூலை" என்றார்.

அங்கே மட்டும் அலைகள் கலைந்திருந்தன. ஒழுங்காக வந்த வரி ஓரிடத்தில் சாய்ந்து, கோணி, கட்டிகட்டியாகத் திரண்டு, நின்றே போயிருந்தது. நூலளவு இடைவெளி. பிறகு மறுபடி தொடங்கி, வேறு சாய்வில், சீராக முடிந்தது. மொத்தம் இரண்டு சென்டிமீட்டர்.

கை தவறிவிட்டதோ என்றுதான் நினைத்தேன். சங்கத்தின் ஆண்டுப் போட்டி நடுவர்களும் அப்படித்தான் நினைத்தார்கள். மதிப்பெண் தாளில் எழுதியிருந்தார்கள்: "ஒட்டு வேலை சுத்தமில்லை, இடப்பக்கம். மூன்று குறைவு."

தாளைப் படித்துவிட்டு அக்கா சிரித்தாராம். "கரெக்டாத்தான் சொல்லியிருக்காங்க. அது சுத்தமில்லாத வேலைதான். ஆனா செஞ்சது நான் இல்ல."

உண்மையான டாங்கி தொலைதூர நாட்டு அருங்காட்சியகம் ஒன்றில் நிற்கிறது. அங்குள்ள பராமரிப்பாளருக்கு இவர் பதினாறு மாதம் கடிதம் எழுதி, ஒவ்வொரு மூட்டின் மேலும் அளவுகோலை வைத்துப் படம் எடுத்து அனுப்பச் சொல்லியிருக்கிறார். நாற்பத்தொரு படங்கள் வந்தன. இருபத்தொன்பதாவது படத்தில் அந்தக் கோணல். அதை முப்பத்தைந்தால் வகுத்து, அப்படியே செய்துவிட்டார். அதோடு நின்றாரா? ஏன் அப்படி இருக்கிறது என்று தேடினார். இன்னொரு ஆவணக் காப்பகத்திலிருந்து, அந்த உடல் பகுதி செய்யப்பட்ட கொட்டகையின் அந்த மாதப் பதிவேட்டுப் பக்கம் ஒன்று நகலாக வந்தது. வெல்டிங் வேலைக்கு எட்டுப் பேர். மூன்று பேருக்குப் பெயர் இருந்தது. ஐந்து பேருக்கு எண்.

அந்த ஐவர் நாஜி வதைமுகாமிலிருந்து கொண்டுவரப்பட்ட கைதிகள். அடிமைகள் என்று எழுத எனக்குத் தயக்கமில்லை. போல்ட் பதினாறா இருபத்து நான்கா என்று சட்டையைப் பிடித்த அந்த ஊரில், அந்த போல்ட்டை முடுக்கியது யார் என்று ஒருவரும் கேட்டிருக்கவில்லை.

எனக்கு ரத்தம் சூடாகிவிட்டது. "நாசவேலைக்கா! வேணும்னே கெடுத்திருக்காங்க! இதைத்தான் எழுதணும்!" என்றேன்.

"படம் இருக்கா?" என்றார்.

"படம் எங்கக்கா இருக்கும்?"

"அப்ப எழுதாதீங்க. பசியில கை நடுங்கியிருக்கலாம். வெல்டிங் குச்சி தீந்துபோயிருக்கலாம். கரண்டு போயிருக்கலாம். வேணும்னே செஞ்சான்னு நமக்கு ஆசையா இருக்கு. ஆசை ஆதாரமா?"

பகுத்தறிவு பற்றி மேடை மேடையாகப் பேசியவன் நான். எனக்குப் பிடித்த பொய்யைக் கைவிட மட்டும் அதுவரை யாரும் கற்றுத்தந்திருக்கவில்லை.

பிறகு அவரே சொன்னார்: "மெழுகுல பல்லு செதுக்கினா யார் கைன்னு நான் சொல்லிடுவேன். இதுல ரெண்டு கை இருக்கு தம்பி. ஒருத்தர் பாதியில நின்னுட்டாரு. வேற ஒருத்தர் வந்து முடிச்சிருக்காரு." டாங்கியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "ஆனா அது என் ஊகம். டாங்கி முன்னால வைக்கிற அட்டையில போட மாட்டேன்."

போட்டியில் சிறந்தவை ஒரு வருடத்துக்குப் பொது நூலகத்தின் கண்ணாடி அலமாரியில் நிற்கும். மூன்று மதிப்பெண் போனபிறகும் அக்காவின் பாந்தர்தான் முதலிடம். ஒவ்வொரு மாதிரியின் முன்னாலும் ஒரு அட்டை வைக்கலாம். அவர் வைக்க விரும்பிய அட்டையில் நான்கே வரிகள்: "இடப்பக்கப் பின் மூட்டு அசலில் இப்படியே உள்ளது. இதைச் செய்த கொட்டகையில் எட்டு வெல்டர்கள் இருந்தார்கள். ஐவர் முகாம் கைதிகள். அவர்கள் பெயர் தெரியவில்லை."

இதற்குத்தான் சங்கத்தில் கூட்டம் கூடியது.

தலைவர் ஓய்வுபெற்ற சர்வேயர். நல்ல மனிதர், அதட்டிப் பேசத் தெரியாதவர். "மேடம், உங்க வேலைக்கு நான் கையெடுத்துக் கும்பிடறேன்" என்று தொடங்கினார். "ஆனா ஜனங்க டாங்க்கை ரசிக்க வர்றாங்க. அங்க போய்க் கைதி, முகாம்னு... உப்புத்தாள் வெச்சு ஒரு தீட்டுத் தீட்டினா அந்தக் கோணல் போயிடும். அட்டையும் வேண்டியிருக்காது."

"சார், நீங்க நிலம் அளக்கப் போனப்ப எல்லைக் கல்லு கோணலா இருந்துச்சுன்னா, வரைபடத்துல நேராப் போடுவீங்களா?"

சர்வேயர் யோசித்தார். "போட மாட்டேன். ஆனா அது ஏன் கோணலாச்சுன்னும் வரைபடத்துல எழுத மாட்டேன்."

எல்லோரும் சிரித்தார்கள். அக்காவும்தான். பிறகு கேட்டார்: "ஓரத்துல குறிப்புன்னு ஒரு கட்டம் இருக்குமே சார், அது எதுக்கு?"

"அது ஆபீசுக்கு மேடம். ஜனங்களுக்கு இல்ல."

இதைவிடச் சுருக்கமாக ஒரு அநியாயத்தை யாரும் விளக்கிவிட முடியாது. உண்மை அலுவலகத்துக்கு, பளபளப்பு பொதுமக்களுக்கு. நீங்களும் நானும் தாங்கமாட்டோம் என்று ஏழு பேர் கொண்ட கூட்டம் முடிவு செய்கிறது. பதிவேட்டு நகல் மேசையில் கிடந்தது. அது பொய் என்று ஒருவரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம். வாக்கெடுத்தார்கள். அட்டை வேண்டாம் என்று நான்கு, இருக்கட்டும் என்று மூன்று. அந்த மூன்றில் இருவர் போல்ட் எதிரிகள். நான்கு வருடத்துக்குப் பிறகு முதல்முறையாக ஒரே பக்கம் கை தூக்கினார்கள். தூக்கிய பிறகு ஒருவரையொருவர் பார்த்து, சட்டென்று தலையைத் திருப்பிக்கொண்டார்கள்.

கோணலைத் தீட்டச் சொல்லி யாரும் வற்புறுத்தவில்லை. அட்டை மட்டும் கூடாது. "யாராச்சும் கேட்டாங்கன்னா அப்புறம் வைக்கலாம் மேடம். இதுவரைக்கும் யாரும் எதையும் கேட்டதில்லையே" என்றார் சர்வேயர். அதில் கேலி இல்லை. உண்மையாகவே கவலைப்பட்டுச் சொன்னார்.

வெளியே வந்ததும் படிக்கட்டிலேயே வெடித்தேன். "டாங்கியையே குடுக்காதீங்கக்கா! வீட்டுலயே வெச்சுக்குங்க!"

"வீட்டுல வெச்சா அந்த ஒட்டையும் சேத்துல்ல உள்ள பூட்டணும்?" என்றார். "அவங்க செஞ்சதுல மிச்சம் அது ஒன்னுதான். இதுக்கும் ஒரு இடம் இல்லாமப் பண்ணிடறதா?"

கணவர் வண்டியைக் கிளப்பிக்கொண்டே, "ஏம்மா, தோத்துட்டியா?" என்றார்.

"மூணுக்கு நாலு."

"மில்லிமீட்டர்ல தோத்திருக்கே. பரவால்ல, ஏறு."

அலமாரியில் வைக்கும் நாளன்று நானும் நூலகத்துக்குப் போனேன். முதல் மாடி, நாளிதழ்கள் படிக்கும் கூடத்துக்கு வெளியே. பதினோரு மாதிரிகள் வரிசையாக நின்றன. எல்லாக் குழல்களும் பார்ப்பவரின் நெஞ்சை நோக்கி நீண்டிருந்தன. நூலகர் கண்ணாடிக் கதவைத் திறந்துபிடித்தார். அக்கா தன் பாந்தரை இரண்டு உள்ளங்கைகளிலும் ஏந்திவந்து நடுவில் வைத்தார். சற்றுப் பின்வாங்கிப் பார்த்தார். மறுபடி கையை உள்ளே விட்டு, ஒரு விரலால் மெல்லத் தள்ளித் தள்ளி, டாங்கியை முழுவதுமாகத் திருப்பினார். குழல் சுவரைப் பார்த்தது. முதுகு எங்களைப் பார்த்தது. இடது மூலை கண்ணாடியைத் தொடும் அளவுக்கு முன்னால் வந்தது.

சர்வேயர் வாயைத் திறந்தார். விதிமுறையில் திசை பற்றி ஒன்றும் இல்லை. மூடிக்கொண்டார்.

அது இன்னும் அப்படித்தான் நிற்கிறது. போங்கள். குனிந்து அந்த இரண்டு சென்டிமீட்டரைப் பாருங்கள். ஒரு கை நின்ற இடத்தையும், பெயர் தெரியாத இன்னொரு கை தொடர்ந்த இடத்தையும் பாருங்கள். இதை அக்கா எழுத மறுத்தார், நான் ஊகம் என்று சொல்லியே எழுதுகிறேன். அலமாரிக்கு வலப்பக்கம் பார்வையாளர் பதிவேடும், நூலில் கட்டிய பேனாவும் இருக்கின்றன. யாராச்சும் கேட்டால் அட்டை வைக்கலாம் என்றார்களே, அதில் ஒரே ஒரு வரி எழுதிவிட்டு வாருங்கள்: "இந்த டாங்கி ஏன் திரும்பி நிற்கிறது?"