சித்தியா, சிட்டியா

போன வாரம் வான்கூவரிலிருந்து விடுமுறைக்கு வந்த அண்ணன் மகள், பிஜியில், நமாகாவில் எங்கள் வீட்டு அலமாரியில் சார்ஜர் தேடப்போய், மூன்று ஃபிளாப்பி டிஸ்குகளோடு திரும்பி வந்தாள். அவற்றைக் கட்டியிருந்த ரப்பர் பேண்ட் இளகி பிளாஸ்டிக்கோடு ஒட்டிக் கிடந்தது. மேலே இருந்த லேபிளில் அண்ணியின் சாய்ந்த கையெழுத்து, ஆங்கில எழுத்தில் ஒரே ஒரு சொல். அதைத் தப்பாக வாசித்ததால் ஒரு காலத்தில் நான் ஒரு குடும்பத்தையே பிரித்துவிடப் பார்த்தேன்.

அண்ணி வட்டுகோலாக்காரி. அவளுடைய அப்பா தங்கச் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். அவர்கள் வீட்டில் தமிழ் பேசினார்கள். எங்கள் வீட்டில் பேச்சு முழுக்க பிஜி இந்திதான். தமிழ் என்று மிஞ்சியிருந்தது சாமி பாட்டும் அத்தை, மாமா, சித்தி என்கிற உறவுப் பெயர்களும் மட்டுமே. அண்ணி என்னோடு பிடிவாதமாகத் தமிழில் பேசுவாள், நான் பிடிவாதமாக இந்தியில் பதில் சொல்வேன். "உறவு மொறை மட்டும் தமிழ்ல தெரிஞ்சா போதுமா தம்பி? மிச்சத்துக்கு என்ன பண்ணுவ?" என்று கேலி செய்வாள். மிச்சத்தை நான் கற்றுக்கொண்டது பிற்பாடு, கோயில் வகுப்பில், கழுத்தளவு வெட்கத்தோடு.

முதல் ஆட்சிக் கவிழ்ப்புக்குப் பிறகு அண்ணியின் சித்தி குடும்பத்தோடு கனடா போய்விட்டார். பல வருஷம் கழித்து அண்ணனும் அங்கேயே வேலை கிடைத்துப் போனான். அண்ணியையும் குழந்தையையும் பிறகு அழைத்துக்கொள்வதாகத் திட்டம். அதற்குள் தலைநகர் சுவாவில் கலகக்காரர்கள் பார்லிமெண்டுக்குள் துப்பாக்கியோடு புகுந்தார்கள். ஹோட்டல்கள் காலியாயின. அண்ணி டைப்பிஸ்டாக இருந்த, விமான நிலையத்துக்கு வரும் சரக்குகளுக்குப் பத்திரம் தயாரிக்கும் சிறிய அலுவலகமும் மூடப்பட்டது. "கம்ப்யூட்டரை நாளைக்கு எடுத்துட்டுப் போறாங்க, உன் மெயிலை இன்னைக்கே எடுத்துக்கோ" என்று முதலாளி சொல்லிவிட்டார். அந்தக் காலத்தில் மெயில் புரோகிராம் கடிதத்தை இறக்கிக்கொண்டதும் மெயில் கம்பெனியின் சர்வரில் அது அழிந்துவிடும். இருப்பது அந்த மேசைக் கணினியில் மட்டும்தான்.

அண்ணி என்னைக் கூப்பிட்டாள். நான் விமான நிலையச் சரக்குக் கொட்டகையில் கணினியில் வேலை செய்தவன் என்பதால், குடும்பத்தில் எல்லாருக்கும் நான்தான் கம்ப்யூட்டர் டாக்டர். கையில் இருந்தது ஒரு பெட்டி ஃபிளாப்பி. எல்லாவற்றையும் எடுக்க இடம் போதாது. திரையின் இடப்பக்கம் இரண்டு ஃபோல்டர்கள்: ஒன்று வான்கூவர், இன்னொன்று நான் சித்தி என்று வாசித்தது. அண்ணியின் சித்தி தினம் ஒரு ரோஜாப்பூப் படமும், ஏழு பேருக்கு அனுப்பாவிட்டால் கெடுதல் வரும் என்கிற பிரார்த்தனையும் அனுப்புகிறவர் என்பது ஊரறிந்தது. அண்ணன் இருப்பது வான்கூவர். இதில் யோசிக்க என்ன இருக்கிறது? வான்கூவரைப் பொட்டலமாகச் சுருக்கி, துண்டு போட்டு, பெட்டி முழுக்க நிரப்பினேன். சித்தியைத் தொடவே இல்லை. கடைசியில் மெயில் கணக்கையும் நீக்கிவிட்டு, படு சுத்தமாக முடித்த திருப்தியோடு டீ குடித்தேன். அண்ணி வாசலில் மற்றவர்களிடம் விடைபெற்றுக்கொண்டிருந்தாள், என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. நானும் அவளைக் கேட்கவில்லை.

மூன்று மாதம் கழித்து கனடா விசா அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. கணவன் மனைவி இத்தனை நாள் பிரிந்திருக்கிறீர்களே, இது உண்மையான கல்யாணம்தான் என்பதற்கு ஆதாரம் வேண்டும், ஒருவருக்கொருவர் எழுதிய கடிதங்களை அனுப்புங்கள் என்று. அதற்கு முந்தின வாரம்தான் பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு இதே காரணத்துக்காக விசாவை மறுத்திருந்தார்கள். அண்ணிக்குப் பயமில்லை. "எல்லாம் தம்பி பத்திரமா எடுத்து வச்சிருக்கான்" என்றாள்.

என் வீட்டுக் கணினியில் ஃபிளாப்பிகளை ஒன்றொன்றாகப் போட்டுச் சேர்த்தேன். மெயில் புரோகிராமில் வான்கூவர் திறந்தது. சிவப்பு ரோஜா. மஞ்சள் ரோஜா. பனித்துளியோடு வெள்ளை ரோஜா. அண்ணி பின்னால் நின்று பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"இது சித்தி அனுப்புனதுல்ல? சிட்டி எல்லாம் எங்க தம்பி?"

அந்த 'ட்' காதில் விழுந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. பிஜி இந்தியில் கடிதத்துக்குச் சிட்டி என்று பெயர். தமிழ் பேசுகிற வீடுகளிலும் அதுதான் பேர். நாள் முழுக்க நான் வாயால் சொல்கிற வார்த்தை. ஆங்கில எழுத்தில் எழுதினால் சித்தியும் சிட்டியும் ஒரே மாதிரி இருக்கும். தமிழ்க்காரி எழுதியது தமிழாகத்தான் இருக்கும் என்று முடிவு கட்டி, எனக்குத் தெரிந்த கைப்பிடி அளவு தமிழில் அதைப் போட்டு மூடிவிட்டேன். கோபம் முதலில் அவள்மேல் வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். "வான்கூவர்னா அண்ணன்னுதானே எவனும் நினைப்பான்?" என்று கத்தினேன்.

"சித்தி வான்கூவர்ல இருக்கா, அதனால வான்கூவர்னு போட்டேன்" என்றாள் அண்ணி. "உங்க அண்ணன் எங்க இருந்தா எனக்கென்ன? எனக்கு வர்றது சிட்டி."

பிறகு தரையில் உட்கார்ந்து அழுதாள். அண்ணன் எழுதியதெல்லாம் நூலகக் கணினியில். அனுப்பியதைச் சேமிக்கும் வழக்கம் அவனுக்கில்லை. நான் எழுந்து போய்விட்டேன். எனக்கு அவள் முகத்தைப் பார்க்கத் தைரியமில்லை.

மறுநாள் வேலையிடத்தில் மெயில் புரோகிராமின் உதவிப் பக்கத்தை வாழ்க்கையில் முதல்முறையாக வாசித்தேன். கம்ப்யூட்டர் டாக்டர் பட்டம் கிடைத்து ஐந்து வருஷம் ஆகியிருந்தது. கணக்கை நீக்கினாலும் கடிதங்கள் போவதில்லை. ஒவ்வொரு ஃபோல்டரும் தனிக் கோப்பாக, அதே பெயரில், கணினியின் உள்ளே ஒரு மூலையில் கிடக்கும் என்று அதில் எழுதியிருந்தது. யாரும் துடைக்காமல் இருந்தால்தான். கணினியோ முதலாளியின் மைத்துனர் வீட்டுக்கு, சிகடோகா பள்ளத்தாக்குக் காய்கறித் தோட்டத்துக்குப் போயிருந்தது.

குழந்தையை அம்மாவிடம் விட்டுவிட்டு நானும் அண்ணியும் குயின்ஸ் ரோடு பஸ்ஸில் போனோம். மைத்துனர் வீட்டில் கணினி பூப்போட்ட துணியால் மூடி, மேலே பிளாஸ்டிக் மாலையோடு இருந்தது. "போன் லைன் இல்ல பேட்டா, சீட்டு மட்டும் ஆடுவேன். வேற எதையும் தொட மாட்டேன்" என்று மன்னிப்புக் கேட்பதுபோலச் சொன்னார். அவர் காலில் விழாத குறை. மூலையைத் தேடிப் பிடித்தேன். அண்ணி வைத்த பெயரிலேயே கோப்பு இருந்தது. சுருக்கினால் மூன்று ஃபிளாப்பி. வெறும் எழுத்து, ஒரு பூ கிடையாது. அன்று அளவை மட்டும் பார்த்திருந்தாலே தெரிந்திருக்கும்.

திரும்பும் வழியில் ராணுவத் தடுப்பில் பஸ்ஸை நிறுத்தினார்கள். ஒரு சிப்பாய் அண்ணியின் பையிலிருந்து ஃபிளாப்பிகளை எடுத்து வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அண்ணி அவனுடைய பிஜி பாஷையிலேயே, "இவோலா, என் வீட்டுக்காரர் எழுதுனது" என்றாள். இவோலா என்றால் கடிதம். அவன் சிரித்துவிட்டு, இரண்டு கையாலும் திருப்பிக் கொடுத்தான்.

வீட்டில் கோப்பை மெயில் புரோகிராமுக்குள் இழுத்தபோது, ஒரு நிமிஷம் ஒன்றும் வரவில்லை. பிறகு வரி வரியாக, மேலிருந்து கீழே, அண்ணனின் பெயர். எனக்கு உடம்பே லேசாகிவிட்டது. இரண்டு நாளாகச் சாப்பிடவில்லை என்பது அப்போதுதான் ஞாபகம் வந்தது. "நீ படிக்காத தம்பி" என்றாள் அண்ணி. நான் சுவரைப் பார்த்தபடி பிரிண்டருக்குத் தாள் போட்டேன். எதை அனுப்புவது என்று அவளே பொறுக்கினாள். முழுதாக ஒரு மணி நேரம் ஆனது. நடுவில் இரண்டு தடவை சிரித்தாள்.

விசா வந்தது. நாடி விமான நிலையத்தில் அண்ணி, சிட்டி என்று லேபிள் எழுதி ஒட்டிய அந்த மூன்று ஃபிளாப்பிகளை என் கையில் வைத்து, "இது உன்கிட்ட இருக்கட்டும்" என்றாள். தொலைக்கப் பார்த்தவனிடமே கொடுத்துவிட்டுப் போனாள். அதற்கப்புறம் எத்தனையோ வீடு ஒழித்தேன், அவற்றை மட்டும் எறியவில்லை.

அண்ணன் மகள் லேபிளை எழுத்துக்கூட்டி வாசித்தாள். அவளுக்குத் தமிழ் என்றால் உறவுப் பெயர்கள்தான். முகம் மலர, நேரே சமையலறைக்குப் போய், ஃபிளாப்பிகளை என் மனைவியிடம் நீட்டினாள்.

"சித்தி, உங்க பேர் போட்டிருக்கு. இது உங்களுதா?"

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. கண்ணும் நிறைந்துவிட்டது.

"அது சித்தி இல்லம்மா" என்றேன். "உங்க அப்பா."