முந்தானையில் இருந்த டிக்கெட்

பிற்காலத்தில் எத்தனையோ ஊர்களில் டிக்கெட் கொடுத்தும் இறங்கியிருக்கிறேன், டிக்கெட்டே இல்லாமலும் இறங்கியிருக்கிறேன். ஆனால் கேட்டில் கை நீட்டுகிறவரைப் பார்த்தால் இன்றும் டிக்கெட்டை இறுக்கிப் பிடித்துக்கொள்வேன்.

அப்போது கோலார் தங்க வயலுக்குள் ரயில் வந்த புதிது. அதற்கு முன் குடியாத்தம் போவதென்றால் பௌரிங்பேட்டை வரை நடந்து போய், அங்கே டிக்கெட் வாங்கிப் பெரிய ரயில் ஏற வேண்டும். இப்போது சுரங்கத்துப் பக்கத்திலேயே ஒரு டிக்கெட் வாங்கினால் போதும், நடுவில் ரயில் மாறினாலும் அதுவே கடைசி வரை செல்லும் என்றார்கள். ஒரு டிக்கெட்டுக்கு இரண்டு ரயிலா என்று எங்கள் வரிசை வீடுகளில் பாதிப் பேர் நம்பவில்லை.

அம்மாவுக்கு நிறைமாதம். தாய்வீட்டில் கொண்டுபோய் விட நைனா எங்கள் இருவரையும் கூட்டிக்கொண்டு கிளம்பினார். பௌரிங்பேட்டையில் இறங்கினோம். பெரிய ரயிலுக்கு நேரம் இருந்தது, அம்மாவுக்குப் பசி. வெளியே இட்லிக் கடை தெரிந்தது. கேட்டில் நின்றவர் கையை நீட்ட, நைனா எல்லா டிக்கெட்டையும் கொடுத்துவிட்டார்.

நைனா வேலை செய்த சுரங்கத்தில் அப்படித்தான். இறங்கும்போது டோக்கன் வாங்க வேண்டும். மேலே வந்ததும் கொடுத்துவிட வேண்டும். மறுபடி இறங்கக் கேட்டால் தருவார்கள். ஷிஃப்ட் முடிந்தும் ஒருவனுடைய டோக்கன் வரவில்லை என்றால் அவன் இன்னும் உள்ளேதான் இருக்கிறான். தேட ஆள் இறங்கும். எழுத்து தெரியும் முன்பே எனக்கு இது தெரியும்.

சாப்பிட்டுவிட்டு வந்து நைனா கேட்டார். "நாங்க குடுத்த டிக்கெட்டக் குடுங்க சாமி. பெரிய வண்டி ஏறணும்."

"இன்னாய்யா, குடுத்தத திருப்பிக் கேக்கற? வெளிய போயிட்டா அதோட சரி. புதுசா வாங்கு."

"குடியாத்தம் வரைக்கும் வாங்கனது சாமி. அந்தக் கூடையிலதான் கீது."

"கூடையில ஊர்ப்பட்ட டிக்கெட் கீது. எல்லாத்தையும் உனுக்கே குடுத்துடட்டா?"

பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். நைனா தலைத்துணியை அவிழ்த்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். வெள்ளைக்காரத் துரை முன்னால்கூட அவர் அப்படி நின்று நான் பார்த்ததில்லை.

திரும்பிவிடலாம் என்றார் நைனா. "இந்த வயித்தோட இன்னொரு தரம் வர முடியாது. என்னை ஏத்தி வுடுங்க, ஸ்டேஷனுக்கு அண்ணன் வரும்," என்றாள் அம்மா. இருந்த காசுக்கு ஒரு டிக்கெட்தான் வந்தது. அதை முந்தானையில் முடிந்துகொண்டு ஏறினாள். நாங்கள் தண்டவாளத்து ஓரமாக நடந்து வீடு வந்தோம்.

எல்லாம் முடிந்த பிறகுதான் மாமா வந்து சொன்னார். ஆம்பூர் தாண்டியதும் அம்மாவுக்கு வலி கண்டுவிட்டதாம். குடியாத்தத்தில் கேட் வழியாகப் போக நேரமில்லாமல், தண்டவாளத்தைத் தாண்டித் தூக்கிப்போய் மாட்டு வண்டியில் ஏற்றினார்களாம். தாயும் இல்லை, குழந்தையும் இல்லை. முந்தானையில் இருந்தது என்று அந்த டிக்கெட் அட்டையை நைனாவிடம் கொடுத்தார்.

"அம்மா டிக்கெட்டக் குடுக்கவே இல்ல நைனா. உள்ளதான் கீது. ஆள் வுட்டுத் தேடச் சொல்லு," என்றேன்.

மாமா என் வாயைப் பொத்தினார். நைனா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் அவர் ஷிஃப்டுக்குப் போகவில்லை. என்னைக் கூட்டிக்கொண்டு பௌரிங்பேட்டைக்கு நடந்தார். கேட்டில் அதே ஆள். நைனா அட்டையை நீட்டினார்.

"இது குடியாத்தத்துல குடுக்க வேண்டியதுய்யா. தேதியும் போச்சு."

"வாங்கிக்கோங்க சாமி."

"இன்னா ஆளுய்யா நீ. அன்னிக்குக் குடுத்தத கேட்ட. இன்னிக்கு வேணான்றத குடுக்கற."

நைனா நீட்டிய கையை மடக்கவில்லை. கடைசியில் அந்த ஆள் சலித்துப்போய் வாங்கிக் கூடையில் எறிந்தார். நைனா தலைத்துணியைக் கட்டிக்கொண்டு என் கையைப் பிடித்தார்.

நான் உதறினேன். இனி அம்மாவைத் தேட யாரும் இறங்க மாட்டார்கள். ஏன் கொடுத்தாய், ஏன் கொடுத்தாய் என்று வீடு வரும்வரை கேட்டுக்கொண்டே வந்தேன்.