ஒரே தாளில் போட்ட காசு

ஐயா பாங்கிலிருந்து கொண்டுவரும் தாள்களில் சந்தனமும் பூச்சி உருண்டையும் கலந்து மணக்கும். வீட்டுக்குப் புதிதாக எது வந்தாலும் பொட்டு வைக்கும் வழக்கப்படி, அம்மா அவற்றின் மூலையிலும் சந்தனம் தொட்டு, கூறைச்சேலை இருந்த ‘றங்குப்பெட்டி’க்குள் வைத்துப் பூட்டுவார். நிலையான வைப்புச் சான்றிதழ்களான அவற்றை எங்கள் வீட்டில் ‘பிக்சட்’ என்றே சொல்வோம்.

உரும்பிராயில் புகையிலையும் வெங்காயமும் பயிர்செய்த ஐயாவுக்கு பிக்சட் போடுவதில் ஒரு கெட்டித்தனம் இருந்தது. விற்ற காசை ஒருநாளும் ஒரே தாளில் போடமாட்டார். மூன்றாகப் பிரித்து, ஒன்று விதைவெங்காயம் வாங்கும் நேரத்திலும், ஒன்று தை மாதம் எங்களுக்குப் பள்ளிக்கூடக் கொப்பி வாங்கும் நேரத்திலும், கடைசி ஒன்று கோயில் திருவிழாவுக்கு முன்பும் முதிரும்படி போடுவார். “காசு எங்கடை தேவைக்கு வரவேணும். அது வருமட்டும் நாங்கள் பாத்துக்கொண்டு இருக்கேலாது” என்பார். அயலவர்கள்கூட அவரிடம் யோசனை கேட்டுத்தான் பாங்குக்குப் போவார்கள்.

அப்படிப்பட்ட மனிதர்தான் எண்பத்து நான்கில் எல்லோரையும் திகைக்க வைத்தார். அண்ணைக்கு அப்போது பத்தொன்பது வயது. சுற்றிவளைப்பில் இராணுவம் பெடியன்களைப் பிடித்துக்கொண்டு போன காலம். அவனை ஜெர்மனிக்கு அனுப்பிவிட வேண்டும் என்று அம்மா ஒற்றைக்காலில் நின்றார். புகையிலை விற்ற காசு அப்படியே பயண முகவருக்குப் போதும். ஐயா ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. ஒரு காலை வெள்ளை வேட்டியுடன் பஸ் ஏறி, மத்தியானம் ஒரே ஒரு தாளுடன் திரும்பி வந்தார்.

“உங்களுக்கு என்ன விசரே? முழுக்காசையும் ஒண்டாப் போட்டிருக்கிறியள்” என்றார் அம்மா.

“உதுக்கு வட்டி கூடத் தருவினம். இனி ஒரு வருஷத்துக்கு ஆரும் கை வைக்கேலாது.”

அன்று அந்தத் தாளுக்குச் சந்தனம் கிடைக்கவில்லை. இரண்டு நாள் அம்மா கதைக்காமலே சோறு போட்டார். பத்து வயதுக்காரியான எனக்கோ அண்ணை போகவில்லை என்பதில் உள்ளூரக் கொள்ளைச் சந்தோஷம்.

அந்த ஒரு வருடமும் ஐயா நிம்மதியாக இருந்ததாக நான் சொல்லமாட்டேன். விதைவெங்காயத்துக்குக் காசில்லாமல் அம்மாவின் சங்கிலி அடைவுகடைக்குப் போனது. ட்ரக் சத்தம் கேட்டால் மண்வெட்டியைப் போட்டுவிட்டு அண்ணை எங்கே என்று தேடி ஓடுவார். மற்ற நேரங்களில் இருவரும் ஒன்றாகத் தோட்டத்துக்கு நீர் இறைத்தார்கள், வரம்பில் இருந்து ஒன்றாகத் தேநீர் குடித்தார்கள். எங்களோடு பத்துச் சொல்லுக்கு மேல் பேசாத மனிதர் அவனோடு மட்டும் மணிக்கணக்காகக் கதைத்தார்.

தாள் முதிர்ந்த மறுநாளே காசை எடுத்துவந்து அம்மாவின் கையில் கொடுத்து, “இனி அனுப்பு” என்றார். அண்ணை போனான். அதன்பின் ஐயாவும் அவனும் நேரில் காணவே இல்லை. தொண்ணூற்று இரண்டில் ஐயா காலமானார்.

போன மாதம் என் சேமிப்பில் கொஞ்சத்தை ஒரு வருட வைப்பில் போட்டேன். இப்போது தாள் தருவதில்லை, தொலைபேசிக்கு ஒரு செய்தி வருகிறது, அவ்வளவுதான். “அவசரமெண்டால் இடையிலையும் எடுக்கலாம் அக்கா, வட்டிதான் குறையும்” என்றாள் வங்கிப் பிள்ளை. எப்போதிருந்து அப்படி என்று கேட்டேன். அந்தக் காலத்திலிருந்தே அப்படித்தானாம்.

வந்ததும் வராததுமாக அண்ணைக்கு அழைத்து, ஐயா எங்களை ஏமாற்றிவிட்டார் என்றேன். அவன் சிரித்தான்.

“எனக்கு அப்பவே தெரியும். அடுத்த கிழமையே பாங்கிலை போய்க் கேட்டனான்.”

“பேந்து ஏன் அம்மாட்டைச் சொல்லேல்லை?”



“சொல்லியிருந்தால் அம்மா அண்டைக்கே அனுப்பியிருப்பா.”