சோதனைக்கு வாங்கிய மீன்

கடலே இல்லாத ஊரில் கடலை வளர்க்க வேண்டும் என்று என் கணவருக்குத் தோன்றியது. நான் தூத்துக்குடிக்காரி. எங்கள் மொட்டை மாடியில் ஏறினால் ஒரு பக்கம் உப்பளம், ஒரு பக்கம் கடல். அப்படிப்பட்டவளைக் கட்டிக்கொண்டு வந்து, தெலுங்கு பேசும் சைனிக்புரியில், வீட்டு ஹாலில் உட்கார வைத்து, வெளிநாட்டு உப்பை வாளியோடு வாங்கிக் கரைத்தார். "இது சாதாரண உப்பு இல்லம்மா" என்று விளக்கம் வேறு. உப்பைப் பற்றி எனக்கு.

தொட்டி வந்தது, மணல் வந்தது, பாறை வந்தது. டீவி படுக்கையறைக்குப் போனது. மீனை மட்டும் காணோம். புதுத் தண்ணீரில் விலைகூடிய மீனை விட்டால் செத்துவிடுமாம். முதலில் மலிவான மீன் ஒன்றை விட்டுத் தண்ணீரைப் பக்குவப்படுத்த வேண்டுமாம். டாம்சல் என்று அதற்கென்றே விற்கிறார்கள். அவர் வாங்கி வந்தது கட்டைவிரல் நீளம்கூட இல்லை, நல்ல நீலம்.

"செத்துப்போச்சுன்னா?" என்றேன்.

"போனா போகுது. அதுக்குத்தான வாங்கிருக்கு."

இரண்டாம் வகுப்புப் படிக்கும் எங்கள் மகள் பக்கத்தில்தான் இருந்தாள். தமிழில் கேட்டால் தெலுங்கிலோ இந்தியிலோ பதில் சொல்கிறவள். அதனால் நாங்கள் பேசுவது எதுவும் அவள் காதில் ஏறாது என்று அவருக்கு ஒரு நினைப்பு.

சில நாள் அந்த மீன் மூலையில் ஒதுங்கி மூச்சுக்குத் திணறியது. மகள் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு அங்கேயே கிடந்தாள். அவரோ சின்னக் குழாயில் தண்ணீரைப் பிடித்து, மருந்து சொட்டி, நிறம் பார்த்து, "எல்லாம் சரியா போகுது" என்பார். மீன் சாகக் கிடப்பதுதான் அந்த எல்லாம்.

சவத்து மீன், சாகவில்லை. தொட்டியே தன்னுடையது என்று முடிவுகட்டிவிட்டது. தண்ணீர் பக்குவமானதும் இவர் மஞ்சள் மீன்கள் இரண்டை, காரில் மடியில் வைத்துச் சீராட்டிக் கொண்டுவந்து விட்டார். நீலம் அவற்றை ஓட ஓட விரட்டியது. வாலைக் கடித்துக் கிழித்தது. தடுக்கக் கையை விட்டவரின் விரலையும் கடித்தது. நான் வயிறு வலிக்கச் சிரித்தேன்.

கடைக்காரரிடம் திருப்பித் தரலாமா என்று போனில் கேட்டார். "நக்கோ சாப். டாம்சல் வாபஸ் கோன் லேதா?" என்று, டாம்சலை யார் திரும்ப வாங்குவார் என்ற தோரணையில், கடைக்காரர் போனை வைத்துவிட்டார்.

"பிடிச்சு சிங்க்ல ஊத்திவிட வேண்டியதுதான்" என்றார் இவர். மகள் எழுந்து உள்ளே போய்விட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை பாறைகளை ஒவ்வொன்றாக எடுத்து, தொட்டித் தண்ணீர் ஊற்றிய வாளியில் வைத்தார். மணல் கலங்கித் தொட்டி கழனித் தண்ணீர் மாதிரி ஆனது. வலையைப் போட்டுத் துழாவு துழாவென்று துழாவினார். நீலம் அகப்படவில்லை. அலுத்துப்போய்ப் பாறைகளைத் திரும்ப அடுக்கினால், ஒன்றின் பொந்திலிருந்து அது நிதானமாக வெளியே வந்தது. அவ்வளவு நேரமும் வாளியில் இருந்திருக்கிறது. மறுநாள் மஞ்சள் மீன்கள் இரண்டும் செத்து மிதந்தன. அடிமணலைக் கிளறினால் விஷம் கிளம்புமாம். அதை மீன்கள் செத்த பிறகு படித்துச் சொன்னார்.

அதன்பின் வேறு மீன் வாங்க அவருக்குத் தெம்பில்லை. நீலம் மட்டும் தனிக்காட்டு ராஜாவாகத் திரிந்தது.

ஒருநாள் அவருடைய மேனேஜரும் மனைவியும் வீட்டுக்கு வந்தார்கள். திருச்சிக்காரர்கள். தொட்டியின் முன்னால் அவர்களை நிறுத்தி, "முதல் நாள்லேர்ந்து இருக்கான் சார். பெத்த பிள்ளை மாதிரி பாத்துக்கிட்டேன்" என்றார், துளிக் கூச்சமில்லாமல். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் மகள் திறந்தாள். அதுவும் தமிழில்.

"அப்பா, அது செத்தா பரவால்லன்னுதான வாங்குனீங்க? சிங்க்ல ஊத்தப் போறேன்னு சொன்னீங்கல்ல?"

மேனேஜர் காபியைப் பார்த்தார். "சின்னப் பிள்ளை, என்னமோ சொல்றா" என்று இவர் சிரிக்கப் பார்த்தார். வேறு யாரும் சிரிக்கவில்லை.

இன்றும் வாரம் தவறாமல் அவர்தான் உப்புக் கரைக்கிறார், கண்ணாடி துடைக்கிறார். தீனி டப்பா மட்டும் மகளின் பள்ளிப் பையில் இருக்கிறது. அவர் கேட்டால் அவள் தருவதில்லை.