ரெண்டே நாற்காலி போட்ட மேடை

போன முனிசிபாலிட்டி எலெக்‌ஷன் சமயத்துல, ஆந்திராவுல நகரி பக்கத்துல எங்க ஊர்ல நடந்தது இது. எங்களது தறிக்காரங்க தெரு. வீட்டுக்குள்ளேயே ரெண்டு பவர்லூம் இருக்கு, நானும் வீட்டுக்காரரும் ஆளுக்கொண்ணு ஓட்டறோம். தறி எங்களோடது, ஆனா தறியில நீளவாக்குல ஏத்தற பாவும், குறுக்கே ஓடற நூலும் முதலாளியோடது. அவர் பாவு கொடுத்தா தறி ஓடும், கொடுக்கலைன்னா நிக்கும். இதை முதல்லயே சொல்லிடறேன், ஏன்னா அன்னைக்கு என் பயம் மொத்தமும் அதுலதான் இருந்துச்சு.

எங்க தெருக் குழாய்ல தண்ணி வரும்போதே கலராத்தான் வரும். மேட்டுல இருக்கற சாயப் பட்டறைல சிவப்பு போட்ட அன்னைக்கு எங்க குடத்துல ரோஸ் தண்ணி. வெள்ளை வேட்டி தோய்க்கணும்னா பட்டறைல கேட்டுட்டு தோய்க்கணும்னு நாங்களே கிண்டல் பண்ணிக்குவோம். பக்கத்து வீட்டுக் குழந்தைக்கு உடம்பெல்லாம் தடிப்பு தடிப்பா வந்து, அதைத் தூக்கிக்கினு அவங்க புத்தூருக்கும் திருப்பதிக்கும் அலைஞ்சப்பதான் அந்தச் சிரிப்பு நின்னுது. ஆபீஸுக்குப் போய்ச் சொன்னோம். "சூஸ்தாமம்மா"ன்னாங்க. பார்க்கறோம்னு அர்த்தம். இன்னும் பார்த்துக்கினேதான் இருந்தாங்க.

எனக்குக் கோபம் கொஞ்சம் சீக்கிரம் வரும். எங்க வார்டை பொம்பளைங்களுக்கு ஒதுக்கியிருக்காங்கன்னு தெரிஞ்சதும் நேரா போய் சுயேச்சையா நாமினேஷன் போட்டுட்டேன். கத்திரிக்கோல் சின்னம் கொடுத்தாங்க. "கவுன்சிலரம்மா, எதை வெட்டப் போறீங்க"ன்னு தெருவே ஓட்டுச்சு. ஓட்டட்டும்னு விட்டுட்டேன்.

என்னைத் தவிர பெரிய கட்சிங்கள்லேர்ந்து ரெண்டு பொம்பளைங்க நின்னாங்க. நின்னாங்கன்னு பேருதான். போஸ்டர்ல அந்தம்மா படம் சின்னதா, புருஷன் படம் பெருசா. ஓட்டுக் கேக்க வர்றதும் புருஷன், வாக்கு கொடுக்கறதும் புருஷன். அந்தம்மா பின்னாடி கும்பிட்டுக்கினே வரும். அதுல ஒருத்தி எனக்குப் பழைய பழக்கம். கல்யாணத்துக்கு முன்னாடி நாங்க ரெண்டு பேரும் ஒரே ஷெட்ல தறி ஓட்டினோம், எனக்கு எதிர்த் தறி அவளோடது. அவ கட்டிக்கினவன் காண்ட்ராக்டர் ஆனான், கார் வாங்கினான். அதுக்கப்புறம் கோயில்ல பார்த்தாகூட ஒரு தலையாட்டல்தான். நானும் வலியப் போய்ப் பேசலை.

தறி ஷெட்ல வேலை செஞ்சவங்களுக்கு ஒரு பழக்கம் இருக்கு. அத்தனை தறியும் ஓடும்போது பக்கத்துல இருக்கறவங்க கத்தினாகூட காதுல விழாது. அதனால வாயசைவைப் பார்த்தே பேசிக்குவோம். கூடவே கை ஜாடை. சோறு துன்னியா, தண்ணி வேணுமா, உன் மாமியா இன்னா சொல்லுது, எல்லாத்துக்கும் ஜாடை இருக்கு. எதிர்த் தறில நூல் அறுந்து அவங்க கவனிக்கலைன்னா ரெண்டு கையையும் தலைக்கு மேல தூக்கிக் காட்டுவோம். நிறுத்துன்னு அர்த்தம். அந்தக் கையைப் பார்த்துட்டா யாரா இருந்தாலும் உடனே தறியை நிறுத்திடுவாங்க. நிறுத்தலைன்னா துணி மொத்தமும் பாழ்.

ஓட்டுப்போட இன்னும் கொஞ்ச நாள் இருக்கறப்ப, லோக்கல் கேபிள் சேனல்காரங்க எங்க வார்டுல டிபேட் வைக்கறதா சொன்னாங்க. கல்யாண மண்டபத்துல மேடை, ஜனங்க முன்னாடி கேள்வி பதில், செல்லுலயும் நேரா வரும். நோட்டீஸ்ல பார்த்தா ரெண்டு போட்டோதான் இருந்துச்சு. நான் போய்க் கேட்டேன். மைக் பிடிக்கற தம்பி வெளியூர்க்காரர், மரியாதையாத்தான் பேசினார். முக்கியமான கேண்டிடேட்டுக்கு மட்டும்தான்மா, எல்லாரையும் கூப்பிட்டா டைம் பத்தாதுன்னார். எல்லாருன்னா எத்தனை பேரு தம்பி, மொத்தமே மூணு பேருதானேன்னேன். அவர் செல்லைப் பார்த்துக்கினே, பப்ளிக் கேள்வி நேரத்துல நீங்க வந்து ஒரு கேள்வி கேளுங்கன்னார். கேண்டிடேட் நானு, பப்ளிக்கா வந்து கேக்கணுமாம். ஆனா யோசிச்சுப் பார்த்தா, அந்த ரெண்டு பேரும் தண்ணியைப் பத்தி வாயே திறக்க மாட்டாங்க. ரெண்டு பக்கமும் பட்டறைக்காரங்க இருக்காங்க. நான் கேக்கலைன்னா அந்த மண்டபத்துல அந்தப் பேச்சே வராது.

டிபேட்டுக்கு முந்தின நாள் பாவு கொடுக்கற முதலாளி வீட்டுக்கு வந்தார். எப்பவும் வாசல்லயே நின்னு பேசிட்டுப் போறவர், அன்னைக்கு உள்ள வந்து உக்காந்து காபி குடிச்சார். தறியைத் தடவிப் பார்த்தார். நான் எலெக்‌ஷன்ல நிக்கறது அவருக்குச் சந்தோஷம்தானாம். ஆனா மண்டபத்துல பட்டறை, தண்ணின்னு எதையாவது பேசினா, அவருக்கு வேண்டியவங்க மனசு சங்கடப்படுமாம். எழுந்து போகும்போது வீட்டுக்காரரைப் பார்த்து, "வெள்ளிக்கிழமை புதுப் பாவு தரணும்ல, பார்க்கலாம்"னார். அவ்வளவுதான் சொன்னார். அந்தப் 'பார்க்கலாம்' எங்க ரெண்டு பேருக்கும் நல்லாவே புரிஞ்சுது.

அவர் போனதும் வீட்டுக்காரர் காபி டம்ளரைக் கழுவி வச்சார். அப்புறம் மெதுவா, "போவாதமே. பொண்ணு திருப்பதியில படிச்சுக்கினு இருக்கு. தறி நின்னா இன்னா பண்ணுவோம்?"னார். சண்டை போட்டிருந்தா நானும் பதிலுக்குச் சண்டை போட்டிருப்பேன். அவர் கெஞ்சற மாதிரி கேட்டதும் எனக்கு அந்தக் கோபம் வரலை. போறேன்னும் சொல்லலை, போகலைன்னும் சொல்லலை.

மறுநாள் அமாவாசை. எங்க தெருவுல அன்னைக்குத் தறி ஓட்ட மாட்டோம், அதனால மண்டபம் நிறைஞ்சு போச்சு. கடைசி வரைக்கும் தீர்மானம் பண்ணாமலேதான் நானும் புடவை மாத்திக்கினு கிளம்பினேன். வீட்டுக்காரர் பின்னாடியே வந்தார், ஆனா என்கூட உக்காரலை. கடைசியில சுவர் ஓரமா போய் நின்னுக்கினார். மேடையில பூ வச்ச மேஜை, ரெண்டே நாற்காலி. அதுலயும் புருஷனுங்கதான் உக்காந்திருந்தாங்க. வேட்பாளர்ங்க ரெண்டு பேரும் கீழ முதல் வரிசையில, மடியில கையை வச்சிக்கினு உக்காந்திருந்தாங்க.

மேல இருந்தவங்க தெலுங்கும் தமிழும் கலந்து பேசித் தள்ளினாங்க. பார்க்கு, லைட்டு, சிமெண்ட் ரோடு. ஒருத்தரை ஒருத்தர் திட்டிக்கினாங்க, அப்புறம் சிரிச்சுக்கினாங்க. தண்ணியைப் பத்தி யாரும் பேசலை. திரும்பிப் பார்த்தா வீட்டுக்காரர் பக்கத்துல முதலாளி வந்து நின்னுக்கினு இருந்தார். ஒரு கையை அவர் தோள் மேல போட்டிருந்தார். பார்க்கறவங்களுக்கு ஏதோ கூட்டாளிங்க மாதிரி இருக்கும். எனக்கு அந்தக் கை என் கழுத்து மேல இருக்கற மாதிரி இருந்துச்சு.

பப்ளிக் கேள்வி நேரம்னாங்க. வேண்டாம், எழுந்திருக்காதன்னு மனசு சொல்லுச்சு. ஆனா கால் எழுந்திரிச்சுடுச்சு. மைக் வாங்கினேன். இந்த வார்டுக்கு மூணாவது வேட்பாளர் நான், என் சின்னம் கத்திரிக்கோல், எங்க குழாய்த் தண்ணி... அவ்வளவுதான், மைக் செத்துப் போச்சு. தட்டிப் பார்த்தேன், உயிர் இல்லை. வாட்டசாட்டமா ரெண்டு ஆளுங்க ஆளுக்கொரு பக்கம் வந்து நின்னாங்க. ஒருத்தன் மைக்கைக் கையிலிருந்து பிடுங்கிக்கினான். சேனல் தம்பி, டைம் ஆயிடுச்சும்மான்னு ஜாடை காட்டினார்.

எனக்கு வந்த கோபத்துல, மைக் இல்லாமலே உரக்கப் பேச ஆரம்பிச்சேன். கொஞ்சம் பேசறதுக்குள்ள ஸ்பீக்கர்ல கட்சிப் பாட்டைப் போட்டுட்டாங்க. சும்மா இல்லை, ஜன்னல் கண்ணாடி அதிர்ற மாதிரி சத்தம். என் குரல் எனக்கே கேக்கலை. மேல இருந்த ரெண்டு பேரும் பின்னாடி சாய்ஞ்சு உக்காந்துட்டாங்க. முடிஞ்சுதுன்னு நானும் நினைச்சேன். மானம் போச்சு, நாளைக்குப் பாவும் போச்சு, கேள்வியும் கேக்கலைன்னு அழுகை முட்டிக்கினு வந்துச்சு.

அப்பதான் முதல் வரிசையைப் பார்த்தேன். என் பழைய எதிர்த் தறிக்காரி என் முகத்தையே பார்த்துக்கினு இருந்தா. முகத்தை இல்லை, என் வாயை. ஷெட்ல பார்ப்பா பாரு, அதே மாதிரி. எனக்குச் சட்டுனு உறைச்சுது. இது இன்னா பெரிய சத்தம்? இதுக்குள்ளதானே நாங்க பேசியே வளர்ந்தோம்!

கத்தறதை நிறுத்தினேன். ஜனங்க பக்கம் திரும்பி நின்னு, வாயை நல்லா திறந்து, மெதுவா, கை ஜாடையோட சொன்னேன். குழாய். தண்ணி. சாயம். சின்னப் புள்ளைங்க உடம்புல தடிப்பு. அதைக் குடிக்கறோம், அதுலதான் ஆக்கித் துன்றோம். இவங்க ரெண்டு பேர்ல யார் அந்தப் பட்டறைத் தண்ணியை நிறுத்துவாங்க, கேளுங்க. மண்டபத்துல ஒரு தலை அசையலை. அத்தனை கண்ணும் என் வாய் மேல. மேடையில இருந்தவங்களுக்கு ஒரு எழுத்து புரியலை, ஏதோ பைத்தியம் பிடிச்சுடுச்சுன்னு நினைச்சிருப்பாங்க. பக்கத்துல நின்ன ஆளுங்களும் என்னைத் தொடவா வேணாமான்னு முழிச்சாங்க.

முதல்ல கையைத் தூக்கினது அவதான். முதல் வரிசையில உக்காந்தபடியே, வளையல் எல்லாம் முழங்கைக்கு இறங்க, ரெண்டு கையையும் தலைக்கு மேல தூக்கினா. நிறுத்து. அவ பின்னாடி இன்னொருத்தி தூக்கினா. அப்புறம் வரிசை வரிசையா தூக்கிக்கினே போச்சு. பொம்பளைங்க, ஆம்பளைங்க, வயசானவங்க, எல்லாரும். ஒருத்தரும் கத்தலை. நான் கடைசி சுவரைப் பார்த்தேன். வீட்டுக்காரர் அப்படியே நின்னுக்கினு இருந்தார், தோள் மேல அந்தக் கை. என்னைப் பார்த்தார். பார்த்துக்கினே மெதுவா ரெண்டு கையையும் தூக்கினார். முதலாளி கை வழுக்கிக் கீழ விழுந்துச்சு. இதை எழுதும்போதுகூட எனக்குக் கண்ணு கலங்குது.

பாட்டுப் போட்டுக்கினு இருந்த ஆளு பயந்து போய் நிறுத்திட்டான். திடீர்னு அவ்வளவு அமைதி. என் எதிர்த் தறிக்காரி எழுந்து மேடை ஏறினா. புருஷன் முன்னாடி போய் நின்னா.

"ஏந்திரியா. அது என் நாற்காலி."

கேமரா அவன் மூஞ்சியிலயே இருந்துச்சு. சிரிக்கப் பார்த்தான், முடியலை, எழுந்துட்டான். அவ உக்காந்து புடவையைச் சரி பண்ணிக்கினா. அப்புறம் சேனல் தம்பியைப் பார்த்து, என்னைக் காட்டி, அந்தம்மாவுக்கும் ஒரு நாற்காலி போடுங்கன்னு சொன்னா. சாப்பாட்டு ஹால்லேர்ந்து ஒரு பிளாஸ்டிக் நாற்காலி வந்துச்சு. அதுல உக்காந்து, மைக்ல, எல்லாருக்கும் கேக்கற மாதிரி அதே கேள்வியைக் கேட்டேன். இன்னொரு கட்சிக்காரர் மேலே பார்த்தார், கீழே பார்த்தார். அவ மட்டும் எங்க வீட்லயும் அந்தத் தண்ணிதான் வருது, நான் வந்தா நிறுத்தறேன்னு சொன்னா. திருப்பதி ஹாஸ்டல்ல எங்க பொண்ணு இதையெல்லாம் செல்லுல பார்த்துக்கினு இருந்திருக்கு.

அவதான் ஜெயிச்சா. எனக்கு டெபாசிட்கூட வரலை, கத்திரிக்கோலை வச்சு தெரு இன்னும் ஓட்டுது. பட்டறை இன்னைக்கும் அங்கதான் இருக்கு. ஆனா அவ அந்தத் தண்ணியைக் குழாய்ப் பக்கம் வராம வேற வழியில திருப்பி விட வச்சா. புருஷன் வீட்ல இன்னா பாடுபடுத்தினானோ, அவ சொல்லலை, நானும் கேக்கலை. இப்ப கோயில்ல பார்த்தா நின்னு பேசறா.

முதலாளி சொன்ன அந்த வெள்ளிக்கிழமை பாவு வரலை. அடுத்த வெள்ளியும் வரலை. ரெண்டு தறியும் நின்னு வீடே செத்த வீடு மாதிரி ஆயிடுச்சு. நான் ராத்திரி தூங்காம புரண்டேன், என்னாலதானேன்னு. வீட்டுக்காரர் காலையில எழுந்ததும் ஓடாத தறிக்கு எண்ணெய் போட்டுத் துடைப்பார். அப்புறம் சைக்கிளை எடுத்துக்கினு பாவு கேட்டு ஊர் ஊரா போவார். ஒரு நாள் புத்தூர்ப் பக்கம் ஒருத்தர், டிபேட்ல பார்த்தேன், அந்தம்மா வீட்டுக்காரரா நீங்கன்னு கேட்டுட்டு பாவு கொடுத்தனுப்பினார். கூலி கொஞ்சம் கம்மிதான், ஆனா தறி ஓடுது.

இப்பவும் தறி ஓடும்போது வீட்டுக்காரர் எதிர்ல இருந்து ரெண்டு கையையும் தூக்குவார். என் பக்கம் நூல் அறுந்திருக்கும், அவ்வளவுதான். ஆனா அந்தக் கையைப் பார்த்தா எனக்கு அந்த மண்டபத்துச் சுவர் ஓரம்தான் ஞாபகம் வரும். எவ்வளவு அவசர வேலையா இருந்தாலும் தறியை நிறுத்திட்டு, இன்னாயான்னு ஒரு வார்த்தை கேட்டுட்டுத்தான் நூலை முடிச்சுப் போடறேன்.